சபை அம்மா வெட்டிய தலைகள்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம், கடை நலம், என் தலைமுடியைத் தவிர மற்ற எல்லாமே நலம். அங்கே நீங்களும் மாமாவும் மாமாவின் முழங்காலும் சுகமா?

எனக்கு நேரில் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீங்கள் உடனே வந்து அப்பாவிடம் எனக்காக ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருமுனை வீட்டுக்கு ஊழியம் செய்ய ஒரு சபை ஐயாவும் அம்மாவும் குடிவந்தார்கள். முதலில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சபை அம்மா விடவில்லை. காய்ச்சல் வீடுகளுக்கு மாத்திரை கொண்டுபோனார், பிள்ளைகளுக்குச் சோப்பும் பேன் மருந்தும் கொடுத்தார், தையல்காரருக்கு மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்தார். தெரு கொஞ்சம் இளகியது. அந்தச் சந்தோஷத்தில், சனிக்கிழமைதோறும் இலவசமாக முடி வெட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

"என் வயித்துல அடிக்கிறதை விட்டா வேற தர்மமே கிடைக்கலையா?" என்று அப்பா கத்தரியைத் தீட்டிக்கொண்டே புலம்பினார். ஆனால் அன்று சாயங்காலமே தையல்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் முடிவெட்டும் கடையின் பின்வாசலில் வந்து நின்றார். துண்டை எடுத்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை, அந்த அம்மாவுக்கு எல்லாம் வரும், முடி வெட்ட மட்டும் வராது. பிள்ளைக்கு மருந்து கொடுத்த கையாயிற்றே, எப்படிச் சொல்வது? எல்லாரும் "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நேரே எங்கள் பின்வாசலுக்கு வந்தார்கள். அப்பா சரிசெய்து அனுப்பிய தலைகளைத் தெருவில் பார்த்த அம்மா, தன் கை தேறிவிட்டது என்று நம்பி, புதன்கிழமையும் வெட்ட ஆரம்பித்தார்.

"புதுத் தலைன்னா கால் மணி நேரம். அவங்க கை வச்ச தலைன்னா முக்கால் மணி நேரம். நீ போய்ப் பக்குவமா சொல்லிட்டு வா" என்று அப்பா என்னை அனுப்பினார். வழியெல்லாம் நாலு வாக்கியம் மனப்பாடம் செய்தேன். வாசலிலேயே அம்மா "வா கண்ணு, உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் கத்தரியைப் பிடித்தபடி ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார். ஜெபத்தின் நடுவில் எப்படிக் குறுக்கிடுவது? ஆமென் சொன்ன கையோடு என் பின்னல் தரையில் கிடந்தது. நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கும்மா என்று நானும் சொல்லிவிட்டேன்.

என்னைப் பார்த்த அப்பா சீப்பையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். சண்டை வரப்போகிறதே என்று பின்னாலேயே ஓடினேன். அங்கே அம்மாவின் கத்தரிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு ஐயா உட்கார்ந்திருந்தார். ஒரு காதுக்கு மேல் காடு, மறு காதுக்கு மேல் மைதானம். அப்பாவின் கோபம் அந்தக் காதுகளைப் பார்க்கும்வரைதான். "கொஞ்சம் நகருங்கம்மா" என்று வேலையில் இறங்கிவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்த அம்மா மெல்லக் கேட்டார்:

"அப்போ இத்தனை நாளா நான் வெட்டினது?"

அப்பா சுவரைப் பார்த்தார். எங்கிருந்து தைரியம் வந்ததோ, நான்தான் சொன்னேன்: "எல்லாரும் பின்வாசல் வழியா எங்க கடைக்குத்தான் வந்தாங்கம்மா."

அம்மா சிரித்தார் பாருங்கள், உட்கார்ந்து மூச்சு வாங்கும் அளவுக்கு. ஐயாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, தலையை ஆட்டாதீங்க என்று அப்பா அதட்ட வேண்டியதாயிற்று.

இப்போது சனிக்கிழமைகளில் அப்பாவே அங்கே போய் இலவசமாக வெட்டுகிறார். அம்மா ஜெபத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பெண்களும் வருகிறார்கள், ஆனால் அப்பா முன்னால் உட்காரக் கூச்சப்பட்டு என்னைப் பார்க்கிறார்கள். எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு மூன்று வருடமாகக் கடையில் முடி கூட்டுகிறேன். அப்பா கை போகும் விதமெல்லாம் எனக்கு மனப்பாடம். "பொண்ணுக்கு எதுக்குக் கத்தரி?" என்கிறார். அவள் கையில் கத்தரியைக் கொடு என்று நீங்கள் சொன்னால் தட்டமாட்டார். அடுத்த சனிக்கிழமைக்குள் கட்டாயம் வாருங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,
தம்பி மகள்.

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்காகக் கண்ணாடி முன்னால் வைத்திருந்த இந்தக் கடிதத்தை அப்பா படித்துவிட்டார். ரெண்டு நாள் கத்தரியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். இன்று காலை தானே நாற்காலியில் உட்கார்ந்து, கத்தரியை என்னிடம் நீட்டி, "வெட்டு" என்றார். ஆகவே நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம். ஒரு மாதம் கழித்தே வாருங்கள், அதற்குள் அப்பாவுக்கு முடி வளர்ந்துவிடும். நல்லா இருக்காப்பா என்று கேட்டேன். ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.