காணிக்கைப் பெட்டியோடு ஒரு கடன் வசூல்

பாடத் தெரிந்தவர்கள் கடன் வசூலுக்குப் போகக் கூடாது. பாடத் தெரியாதவர்கள் போகவே கூடாது. நான் இரண்டாவது ரகம். ஆனாலும் போனேன். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, தலைமை தாங்கிப் போனேன். முட்டாள்தனமான காரியம் எதுவானாலும் அதற்கு இங்கிலீஷ் படித்த ஒருவன் தலைமை தாங்க வேண்டும் என்பது அந்நாளைய ராயபுரத்து நம்பிக்கை. எங்கள் தெருவில் மெட்ரிகுலேஷன் தேறியவன் நான் ஒருவன்தான் இருந்தேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சொல்வதுதான் வேலை. அதற்கே நான் தினமும் டை கட்டிக்கொண்டு போவேன். (மூட்டைகள் என்னைப் பார்த்து மரியாதையாக இறங்கும் என்று நினைப்பு.)

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஞானமுத்து சார் என்று ஒரு பெரிய மனுஷர் இருந்தார். சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். ஆராதனையில் வேதம் வாசிப்பது அவர்தான். வாசிக்கும்போது குரல் சரியான இடத்தில் தழுதழுக்கும். அப்படிப்பட்டவர் 'கிறிஸ்துமஸ் சீட்டு' என்று ஒன்றை ஆரம்பித்தார். ஞாயிறுதோறும் கோயில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவார். நாம் நாலணாவோ எட்டணாவோ கொடுக்க வேண்டும். டிசம்பர் பிறந்ததும் கட்டிய பணமும் மேலே ஒரு ரூபாயும் ஒரு பிளம் கேக்கும் தருவார். ரூபாயைவிட அந்தக் கேக்கை நம்பித்தான் பாதித் தெரு விழுந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மன்னாரு, நெற்றியில் பட்டை போடுகிறவன், அவனும் சேர்ந்தான். கிறிஸ்துமஸுக்கு வரும் பணம் பொங்கலுக்கு ஆகும் என்பது அவன் கணக்கு.

நானும் சேர்ந்தேன். என் அக்கா எஸ்தரைச் சேர்த்துவிட்டதும் நான்தான். புருஷனைப் பறிகொடுத்து, ஆறு வயது மகள் ரோஸைக் கூட்டிக்கொண்டு என்னோடு வந்து இருந்தவள் அவள். தம்பி சம்பளத்தில் சாப்பிடுவது அவளுக்குத் தொண்டையில் சிக்கும். அடுத்த தெருவிலிருந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரி அம்மாள் ஒருத்தி பம்பாய்க்குக் குடிபோக இருந்தாள். தன் கைத் தையல் மெஷினை இருபத்தைந்து ரூபாய்க்குத் தருவதாகவும் கிறிஸ்துமஸ் வரை பொறுப்பதாகவும் சொல்லியிருந்தாள். அந்த மெஷின் வந்துவிட்டால் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கலாம் என்று அக்கா, ஊரார் சட்டைகளுக்குக் கையால் காஜா எடுத்து, வாரம் எட்டணா கட்டினாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

டிசம்பர் பிறந்தது. வேப்பமரத்தடியில் நாற்காலி இல்லை. ஞானமுத்து சார் ராத்திரியோடு ராத்திரியாகத் திருவொற்றியூருக்கு வீடு மாறிவிட்டார். பணத்தை மைத்துனனிடம் வட்டிக்குக் கொடுத்ததாகவும் அவன் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டதாகவும் சொல்லியனுப்பினார். ஆனால் போனது பாதிதான், மீதி வீட்டில்தான் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். புது வீட்டில் போய் இறங்கிய அன்று புருஷன் பெண்சாதிக்குள் நடந்த சண்டையில் அந்த அம்மாள் அதை அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லி, அது எங்கள் காதுக்கும் வந்திருந்தது.

பணம் கட்டியவர்கள் ஒவ்வொருவராகத் திருவொற்றியூருக்கு நடந்தார்கள். கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக "அவரு ஊர்ல இல்லீங்க" என்று ஒரு குரல் வரும். பின்னாலேயே அவர் இருமுவதும் கேட்கும்.

அப்போதுதான் என் மெட்ரிகுலேஷன் மூளை வேலை செய்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பாட்டுக் கோஷ்டி வாசலில் வந்து பாடினால் எந்தக் கிறிஸ்தவ வீடும் கதவைச் சாத்தி வைக்காது. சாவு விழுந்த வீடுகூட ஒருவரை வெளியே அனுப்பிக் கும்பிடு போட வைக்கும். ஆகவே நாங்கள் பாட்டுக் கோஷ்டியாகப் போவோம். கதவு திறந்ததும் அக்கம்பக்கத்தார் முன்னிலையில் பணத்தைக் கேட்போம். திட்டத்தைச் சொல்லிவிட்டு, கைத்தட்டலை எதிர்பார்த்து நின்றேன்.

அக்கா மட்டும் காஜா எடுத்துக்கொண்டே கேட்டாள்: "அவன் வூட்டு வாசல்ல போயி குந்து. துட்ட குடுத்தாதான் எய்ந்திருப்பேன்னு சொல்லு. அதுக்கு இன்னாத்துக்குடா பாட்டு?"

"உனக்கு இதெல்லாம் புரியாது அக்கா" என்றேன். (இந்த வாக்கியத்தை நான் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.)

கோஷ்டி என்றால் பெட்டி வேண்டும். கோயிலில் அதற்கென்றே ஒரு தகரப் பெட்டி உண்டு. மேலே காசு போட ஒரு பிளவு, முன்னால் பூட்டு, பூட்டின் மேல் அரக்கு முத்திரை. சாவி பாதிரியாரிடம். பண்டிகைக் காலையில் அவர்தான் திறப்பார். சும்மா ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். மன்னாரு அதைத்தான் சொன்னான். ஆனால் எனக்கு எதையும் முறைப்படி செய்ய வேண்டும். மணியடிக்கிறவரிடம் பொய் சொல்லி அந்தப் பெட்டியையே வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தோம். பாட ஆரம்பித்தோம். மன்னாருவுக்கு ஒரு பாட்டும் தெரியாது. அதனால் அவன்தான் எல்லாரையும்விட உரக்கப் பாடினான். டோலக்கும் அவன் கையில்தான். மாரியம்மன் திருவிழாவில் அடிக்கிற அடியையே இங்கேயும் அடித்தான். தெரு கூடிவிட்டது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கதவு திறந்தது.

ஞானமுத்து சார் கோட்டோடு வெளியே வந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினொரு பேரும் அவருக்குப் பணம் கட்டியவர்கள். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் கண்ணாரக் கண்டேன். அந்த நிமிஷத்தில் நான் வாயைத் திறந்து "பணம்" என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். மூன்றாவது சரணம் பாக்கி இருந்ததால், அதை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று பாடிக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு துணி முடிப்பு. அவிழ்த்தார். வெள்ளி ரூபாய்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால், பயந்துபோய் உண்மையிலேயே எங்களுக்குக் கொடுக்கத்தான் எடுத்து வந்தார் என்று இன்றும் நான் நம்புகிறேன். அவர் கை என்னை நோக்கி நீண்டது.

நான் சிறுவயதிலிருந்து பாட்டுக் கோஷ்டியில் பெட்டி தூக்கியவன். வீட்டுக்காரர் காசோடு வந்தால் என் கை தானாக என்ன செய்யுமோ அதைச் செய்தது. பெட்டியை நீட்டினேன்.

ஞானமுத்து சார் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தார். அரக்கு முத்திரையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. முதல் ரூபாயைப் பிளவுக்குள் போட்டார். அடுத்ததை இன்னும் வேகமாகப் போட்டார். பிறகு மழைதான்.

மன்னாரு டோலக்கை நிறுத்திவிட்டு என் காதருகே வந்தான். "இன்னா சாமு, நம்ம துட்டு நம்ம கைக்கு வராம பொட்டிக்குள்ள போய்கினு கீது?"

எனக்கும் அது புரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வாய் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது. "கர்த்தர் உங்கள் காணிக்கையை ஆசீர்வதிப்பாராக" என்று சொல்லிவிட்டேன். தெரு முழுவதும் ஆமென் சொல்லிற்று. ஞானமுத்து சார் குரல் தழுதழுக்க, "சகோதரர்களே, இவ்வளவு தூரம் நடந்து வந்து என் பாரத்தை இறக்கிவிட்டீர்கள்" என்று கைகூப்பிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மன்னாரு பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கிக்கொண்டே வந்தான். ஒரு காசு விழவில்லை. சத்தம்தான் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு வழியிலிருந்த கிறிஸ்தவ வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்து, பாடச் சொல்லி, வீட்டுக்கு ஓரணா போட்டன. வேறு வழியில்லாமல் நாங்களும் பாடினோம்.

தண்டையார்பேட்டை தாண்டியதும் மன்னாரு ஒரு கருங்கல்லைத் தூக்கினான். "நவுரு. பூட்ட ஒடைச்சி எட்த்துக்கலாம்."

"கோயில் முத்திரை மன்னாரு. என் மானம் என்னாவது?" என்றேன். (என் மானம். தெருவில் டோலக்கு அடித்துக் கடன் வசூலுக்குப் போனவனின் மானம்.)

மறுநாள் அக்காவும் நானும் பாதிரியார் முன் நின்றோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஞானமுத்துவிடம் ஆள் அனுப்பி விசாரித்தார். காணிக்கையாகத்தான் போட்டேன் என்று பதில் வந்தது.

"போட்டவர் காணிக்கை என்கிறார். நீயும் ஆசீர்வாதம் கூறி வாங்கியிருக்கிறாய், தம்பி. பெட்டிக்குள் விழுந்ததை எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை" என்றார் பாதிரியார்.

"அது என் மெசினு துட்டு ஐயா" என்றாள் அக்கா. தழும்பேறிய விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இந்தக் கதையின் மற்ற எந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வரும். இந்த இடத்தில் மட்டும் இன்றுவரை வந்ததில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் பெட்டி திறக்கப்பட்டது. அந்த வருஷம் அதிகக் காணிக்கை கொடுத்தவர் சகோதரர் ஞானமுத்து என்று அறிவித்தார்கள். அவர் கோட்டோடு எழுந்து நின்று தலை குனிந்தார். அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பணத்தில் சபையின் ஏழைகளுக்குத் துண்டு வாங்கி, அதை அவர் கையாலேயே கொடுக்கச் செய்தார்கள். ஏழைகள் யார் என்று பார்த்தால், சீட்டில் பணத்தைத் தொலைத்த நாங்கள்தான். எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. வாங்கிக்கொண்டு "ஸ்தோத்திரம்" என்றும் சொன்னேன். அக்கா தன் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. மன்னாரு சபையைச் சேராதவனாக இருந்தும், கூட்டத்தில் நின்று இரண்டு துண்டு வாங்கிவிட்டான். எங்களில் ஏதோ கொஞ்சமாவது வசூல் செய்தவன் அவன் ஒருவன்தான்.

சட்டைக்காரி அம்மாள் மெஷினை வேறு யாருக்கோ விற்றுவிட்டுப் பம்பாய் போனாள். நான் இரண்டு வருஷம் டீயையும் சிகரெட்டையும் டையையும் விட்டு, அக்காவுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை வைத்து ரோஸைப் படிக்க வைத்தாள், கட்டியும் கொடுத்தாள்.

ஆனால் கோயிலை அவள் மன்னிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் வருவாள். காணிக்கைப் பை தன் வரிசைக்கு வந்ததும், அதைப் பிடித்திருப்பவரை நிமிர்ந்து பார்த்து, நாலு பெஞ்சுக்குக் கேட்கும்படி, "என்னுது அப்பவே வந்துட்ச்சி" என்று சொல்லிப் பையை அடுத்தவரிடம் தள்ளிவிடுவாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தம்பிடி போட்டதில்லை. புதிதாக மாற்றலாகி வரும் ஒவ்வொரு பாதிரியாருக்கும் யாராவது இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்கிறவர்கள் என் பக்கம் விரலை நீட்டித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கல்யாண மொய்யிலிருந்து தெருமுனை வசூல் வரை எதற்கும் அந்த வாக்கியத்தையே சொல்லித் தப்பித்தார்கள்.

அக்கா போன பிறகு அவளுக்காக ஒரு ஆராதனை வைத்தோம். பை வந்தது. எனக்கும் வயதாகிவிட்டது, கண்ணில் நீர் வேறு. அக்கா பேரில் ஏதாவது போடலாம் என்று சட்டைப் பையில் கை விட்டேன். பக்கத்திலிருந்த ரோஸ் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"கைய எடு மாமா. அம்மாவுது அப்பவே வந்துட்ச்சி."