ஊதாமலே அணையும் மெழுகுவர்த்தி

மெழுகுவர்த்தியை விற்றுவிட்டு, அதை எப்படி அணைக்கவேண்டும் என்று வாங்கியவரோடு சண்டைக்கு நின்ற ஒரே வியாபாரி இந்த உலகத்தில் எங்கள் அரியலூரில்தான் இருந்தார். அவர் பெயர் என்னவோ, யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்தாலே "ஊதாதே!" என்பார். அதனால் ஊதாதே அண்ணன்.

எழுபதுகளின் கடைசி. பொழுது சாய்ந்தால் கரண்ட் போய்விடும். அண்ணன் வாசலில் கூட்டம் கூடிவிடும். தகர அச்சில் திரியைக் கட்டி, உருக்கிய மெழுகை ஊற்றிக்கொண்டே பாடம் நடத்துவார்.

"வெள்ளக்காரன் அந்தக் காலத்துல மாட்டுக் கொழுப்புல வத்தி செஞ்சான். நாத்தம் தாங்காம ஊதித் தொலைச்சான். நம்ம சரக்குல நாத்தமா அடிக்குது? வெளக்க வாயால ஊதலாமா? வெரலால அமுக்குங்க!"

"வெரலு சுடுதுண்ணே!"

"சுடட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

ஒருநாள் பேங்க் மேனேஜர், மகன் பிறந்தநாள் கேக்குக்கு மெழுகுவர்த்தி கேட்டு வந்தார். "ஊதுறதுக்குன்னே வாங்குறீங்களா சார்? தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார் அண்ணன். மேனேஜர் கெஞ்சிக் கூத்தாடியதும் மனம் இளகி, ஒரு புது வழி கண்டுபிடித்தார். மெழுகுவர்த்தியின் உச்சியில் மட்டும் துளியூண்டு திரி. கீழே வெறும் மெழுகு. பையன் கன்னத்தை உப்பிக்கொண்டு குனிந்தபோது மெழுகுவர்த்தி தானாகவே அணைந்துவிட்டது. பையன் போட்ட கூச்சல் கடைத்தெரு வரை கேட்டது. அண்ணன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்!

அந்த வாரமே உடையார்பாளையத்திலிருந்து என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பே இரண்டு இடம் சகுனத்தால் தட்டிப்போயிருந்தது. ஒன்றைப் பல்லி கெடுத்தது, இன்னொன்றைப் பூனை கெடுத்தது. இதுவும் போனால் அப்பா படுத்தேவிடுவார். அக்காவுக்கோ போட்டோவிலேயே மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அக்கா காபித் தட்டோடு வரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. இதற்கென்றே அப்பா வரச்சொல்லியிருந்த ஊதாதே அண்ணன், கையோடு கொண்டுவந்திருந்த மெழுகுவர்த்திகளைக் கூடம் முழுக்க ஏற்றிவைத்தார். மாப்பிள்ளையின் அம்மா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து அத்தனையும் ஒரே சமயத்தில் அணைந்தன.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மனுஷன் பிறந்தநாள் சரக்கில் மிச்சமிருந்ததை மாற்றி எடுத்து வந்துவிட்டார்!

"யாரு ஊதுனது?" இருட்டில் அந்த அம்மாவின் குரல்.

அப்பா தீப்பெட்டியைத் தேடித் துழாவினார். அண்ணன் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவராவது, கேட்பதாவது!

"யாரும் ஊதலைங்கம்மா! ஊதாமலே குளிர்ற வத்தி. நம்ம சொந்தத் தயாரிப்பு. ஊதுறவங்களுக்கு நான் யாவாரமே பண்றதில்லைங்க!"



"அப்படிச் சொல்லுங்க!" என்றார் அந்த அம்மா. "எங்க வூட்டுலயும் இதுக்குத்தான் தெனம் மல்லுக்கட்டுறேன். இவரு அரிக்கேனை ஊதித்தான் அணைப்பாரு. சொன்னா கேட்டாத்தானே!"

மாப்பிள்ளையின் அப்பா இருமினார். அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். தொடர்ந்து மாப்பிள்ளையின் சிரிப்பும் கேட்டது.

"ஊதலைன்னா அப்பறம் என்ன சகுனத்தடை? பூ வச்சிடலாம்" என்று முடித்துவிட்டார் அந்த அம்மா.

அப்பா விட்ட பெருமூச்சுக்கு ஊர் விளக்கெல்லாம் அணைந்திருக்கும். நல்லவேளை, எதுவும் எரியவில்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அக்காவின் பேத்தி பிறந்தநாளில் கேக்கைச் சுற்றி நின்று எல்லாரும் ஊதுகிறார்கள். அக்காவும் நானும் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம். பாவம், அண்ணனுக்குப் பிடிக்காது.