கன்னம் காத்த போணிப் போர்

பன்னிரண்டாயிரம் ரூபாய். விலைமதிப்பற்றதென்று கவிவாணர் காலங்காலமாகப் புளுகிவரும் பெண்முகத்துக்குச் செவிலிமேட்டு அழகு நிலையமொன்றின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த விலை அதுதான். அதுவும் கன்னங்கள் இரண்டுக்கு மட்டும், நெற்றிக்குத் தனி.

வாழ்க, அவ்விலையை வெல்லப் புறப்பட்ட பிள்ளையார்பாளையத்துப் பெருமாட்டி புவனேஸ்வரி! வீட்டுக் கூடத்தில் பட்டு விரித்து விற்பவள். விலை குறைக்க வந்த சென்னைச் சீமாட்டிகளை இரண்டாவது புடவையோடு வழியனுப்பிய நாவேந்தி. கீரைக்கட்டு முதல் கல்யாண மண்டபம் வரை எதற்கும் சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்தறியாத கைகாரி!

அத்தகையாளுக்கும் ஓர் உட்பகை உண்டு. காவற்படையே கோட்டையைத் தாக்குவதுபோல், உடலின் காவலே உடலைத் தாக்கும் லூபஸ் என்னும் அந்நோய், சென்ற ஆண்டு சிறுநீரகம்வரை படையெடுத்து, மாத்திரைச் சேனையால் பின்தள்ளப்பட்டு, போகிற போக்கில் மூக்கின் இருமருங்கும் செம்பட்டாம்பூச்சியொன்றைச் சிறகு விரித்து உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தது. போய்விட்டது என்றுதான் புவனேஸ்வரி நினைத்தாள். மகன் விக்னேஷுக்குப் பெண்பார்க்கப் போன இடத்தில், சம்பந்தியம்மாள் தில்லையம்மாள் காப்பியை நீட்டியபடி எய்த சொல்லம்புதான் அவளைப் போர்க்கோலம் பூணச் செய்தது.

“வெட்கம் பொண்ணுக்குத்தான வரணும், உங்களுக்கு ஏன் கன்னம் செவந்துகினு இருக்குது சம்பந்தி?”

நிச்சயதார்த்தத்துக்குள் அந்தப் பட்டாம்பூச்சி பறந்தாக வேண்டும்.

படை நடத்த வேளை குறிப்பதில் அவளுக்கு நிகர் அவளே. நாளின் முதல் வியாபாரமாகிய போணி வெறுங்கையோடு திரும்பினால் அன்று முழுதும் கல்லா வறளும் என்பது காஞ்சிக் கடைவீதியின் வேதம். ஆகவே முதலில் வருபவர் கேட்ட விலைக்குக் கடைக்காரர் இறங்கியே தீரவேண்டும். அதே வேதத்தின் மறுபாதி, பேரம் படிந்தபின் போணிக்காரர் வாங்காமல் போவது ஏழு தலைமுறைக்கும் இழுக்கு என்கிறது. இதனை அவள் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

ஷட்டர் பாதி உயர்கையிலேயே, குகை புகும் பெண்சிங்கம்போல் குனிந்து புகுந்தாள். நிலையத்து அதிபதி சுகாசினி விளக்கேற்றி முடிக்குமுன் முதற்கணை பறந்தது. பன்னிரண்டு எட்டாயிற்று, எட்டு ஆறாயிற்று, எழுந்து செருப்பைத் தேடியபோது ஐந்தாயிற்று, ஒற்றைச் செருப்பு மாட்டியபோது நான்காயிற்று, “போணி நேரம்மா, மனசு வை” என்ற பிரம்மாஸ்திரம் பாய்ந்தபோது மூவாயிரத்து ஐந்நூறில் சுகாசினியின் கொடி சாய்ந்தது. வெற்றிக்களிப்பில் நாற்காலியில் சாய்ந்த வீராங்கனைக்குக் கண்கவசமும் பூட்டியாயிற்று. லேசர் கருவி, போருக்குமுன் உறுமும் களிறென உறுமியது.

“எதனா மாத்திரை சாப்புடறீங்களாக்கா?” என்றாள் சுகாசினி, எல்லோரிடமும் கேட்பதுபோல்.

மண்ணும் விண்ணும் அசையாது நின்ற கணம் அது. ஒன்றுமில்லை என்று ஒரு சொல் சொன்னால் வென்ற பேரம் நிற்கும். உண்மை உரைத்தால் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வெற்றி காற்றில் கரையும். ஆயின், இழை அறுந்த புடவையை வாங்குபவர் கண்டுபிடிக்குமுன் தானே விரித்துக் காட்டிவிடுவது அவள் கூடத்தின் வழக்கம். அந்த வழக்கம் இப்போது அவள் நாவைப் பிடித்து இழுத்தது.

“லூபஸ் இருக்குதுமா.”

களிறு படுத்தது. “அப்ப நான் தொடமாட்டேன்க்கா. உங்க டாக்டரக் கேளுங்க. அவர் சரின்னா அதே வெலைக்குப் பண்றேன்.”

புவனேஸ்வரி மருத்துவர் பிரேம்நாத்தைக் கைப்பேசியில் அழைத்தாள். இதுவரை எந்தக் கடைக்காரரும் காணாத பேரம் அங்கே தொடங்கியது.

“லேசர் வேணாம்மா. உங்க நோய்க்கு வெளிச்சம் ஆகாது. அதையே கெளப்பி விட்டுடலாம்.”

“சரி டாக்டர், லேசர உடுங்க. மருந்து தடவித் தோல் உரிக்கறாங்களே, அது?”

“அதுவும் இப்ப வேணாம்.”

“ஒரு கன்னமாவது?”

“பாதிக்குப் பேச இது புடவையாம்மா?” மருத்துவர் சிரித்துவிட்டார். “அது பழைய கறை இல்ல. நோய் இன்னும் முழிச்சிக்கினு இருக்குதுன்னு காட்டற கொடி. கொடியச் சுரண்டினா படை போயிடுமா? மொதல்ல நோய் அடங்கட்டும். டெஸ்டெல்லாம் சில மாசம் ஒழுங்கா இருந்தா, லூபஸ் தெரிஞ்ச தோல் டாக்டர்கிட்ட நானே அனுப்பறேன். அவர் சின்ன எடத்துல வச்சுப் பாத்துட்டுச் சொல்லுவார். அது கெடக்கட்டும், நான் எழுதிக் குடுத்த சன்ஸ்கிரீன் தடவறீங்களா?”

பாரதப்போர் பதினெட்டு நாளும் பேசித் தீர்க்கவல்ல அந்நா முதன்முறையாகத் தோல்வியை ஒப்பியது. “வெல குறைக்க மாட்டேன்னுட்டான் டாக்டர் அந்த மருந்துக்கடைக்காரன். வந்துட்டேன்.”

கைப்பேசியை வைத்து நிமிர்ந்தால், எதிரே போணி இழக்கப்போகும் வணிகமாதின் வாடிய வதனம். தான் எய்த அஸ்திரமே சுழன்று தன் மார்பை நோக்கி வரக் கண்ட புவனேஸ்வரி, அலமாரியை நோக்கினாள். மருத்துவர் எழுதித் தந்த அதே சன்ஸ்கிரீன், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட விலையோடு, சிவனே என்று நின்றுகொண்டிருந்தது. எடுத்தாள். பேரம் பேசவில்லை. சுகாசினி அஞ்சி, “ஒடம்பு சரியில்லையாக்கா?” என்றாள்.

கண்ணாடிமுன் நின்று வெண்களிம்பைக் கன்னங்களில் கவசமெனப் பூசியபின், புவனேஸ்வரி சம்பந்திக்கு விடுத்த பிரகடனம் பின்வருமாறு: “எனக்கு லூபஸ் இருக்குது சம்பந்தி, கன்னம் அதான் செவக்குது. வெயில் ஆகாது. மொட்டைமாடிப் பந்தல் வாணாம், நிச்சயத்தை மண்டபத்துக்குள்ள வச்சிக்கலாம். ஏசி செலவு ஆளுக்குப் பாதி.”

மறுமுனையில் நெடுமூச்சொன்று எழுந்தது. “மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் வேற வாய வச்சிக்கினு சும்மா இல்லாம. பாதியெல்லாம் வாணாம், கால்வாசி குடுங்க போதும்.”

அன்றைய போர்ச்செலவு: சன்ஸ்கிரீன் அறுநூற்று எண்பது, டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம். போணி என்பதால் கல்லாவில் சில்லறை இல்லை, சுகாசினி இருபது ரூபாய் தரணும்.