கைக்கு வந்த பந்து

எங்கள் நகரத்து பேஸ்போல் அணியை நாடு கடத்தியதே நான்தான் என்று என் வீட்டில் சொல்வார்கள். அது பொய். நான் மைதானத்துக்குப் போனபோது அணி ஏற்கெனவே பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. நான் செய்தது கடைசி அவமானம் மட்டும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நாலு நாடுகளில் கோப்பை கழுவி, மொன்றியலுக்கு வந்து சேர்ந்தவன் நான். டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் தற்காலிக வேலை. (கோழியா, பாஸ்தாவா என்று கேட்பார்களே, அந்தக் கோழிக்கு மூடி போட்டது நான்.) மனைவி ஆறு மாதக் கர்ப்பம். வேலையை நிரந்தரமாக்குவது மேற்பார்வையாளர் ரெஜானின் கையில்.

ரெஜானுக்கு இருந்த ஒரே பக்தி அந்த அணி. பாவப்பட்ட அணி. நல்ல ஆட்டக்காரரை வளர்க்கும். வளர்ந்ததும் அவர்கள் பணக்கார நகரங்களுக்குப் போய்விடுவார்கள். மைதானத்தில் ஆட்களைவிடக் கதிரைகள் அதிகம். அடுத்த வருடம் அணியே அமெரிக்காவுக்குப் போகிறது என்றார்கள். கூட வர ஆளில்லாமல் ஒரு ஞாயிறு பகல் ரெஜான் என்னை அழைத்தார்.

கூட வேலை செய்த குகன் அண்ணை புத்தி சொல்லி அனுப்பினார். "அவர் எழும்பினா நீயும் எழும்பு. கத்தினா நீயும் கத்து. வேற ஒண்டும் செய்யாதை."

"கிரிக்கெட் மாதிரித்தானே அண்ணை?"

"கிரிக்கெட்டை வீட்டில வச்சிட்டுப் போடா!"

ரெஜான் மடியில் ஒரு பழைய தோல் கையுறையை வைத்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எங்கள் ஆள் ஒருவர் அடித்த பந்து உயர்ந்து உயர்ந்து எங்களை நோக்கி வந்தது. ரெஜான் கையுறையோடு எழும்பினார். நானும் எழும்பினேன். நான் அவரைவிட ஒரு சாண் உயரம். வெறுங்கையால் பிடித்துவிட்டேன்!

ஊரில், சின்ன வயதில் நாங்கள் கிரிக்கெட் ஆடிய ஒழுங்கையில் இருந்தது ஒரே ஒரு பந்து. வேலிக்கு வெளியே போனதை எடுத்தவர் உடனே எறியவேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். கை அதை மறக்கவில்லை. பிடித்த வேகத்திலேயே, நிலத்தில் குத்து விழாமல், மைதானத்தில் நின்ற எதிரணிக்காரனிடம் எறிந்து சேர்த்தேன். பெருமையோடு திரும்பினேன்.

ரெஜானின் கைகள் இன்னும் நீட்டியபடி இருந்தன.

"பிடித்த பந்து பிடித்தவருக்கு," என்றார் பிரெஞ்சில், மெதுவாக. "இருபத்திரண்டு வருடமாக இந்தக் கதிரையில் இருக்கிறேன். ஒன்றுகூட வந்ததில்லை."

சனம் குறைவு. அதனால் என்னைத் திட்டிய ஒவ்வொருவருடைய குரலும் தனித்தனியாகக் கேட்டது.

திங்கட்கிழமை ரெஜான் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்து, வேலை உடுப்பைப் போடாமலே போனேன்.

"களஞ்சியத்தில் சின்ன வைன் போத்தல்கள் காணாமல் போகின்றன," என்றார். "கைக்கு வந்ததை வைத்திருக்கத் தெரியாத ஒருவன்தான் எனக்கு வேண்டும்."

அன்றே நிரந்தரம். களஞ்சியச் சாவியும் என்னிடம் வந்தது. குகன் அண்ணை ஒரு கிழமை கதைக்கவில்லை. பேந்து வந்து, "பத்து வருசமாய் நான் ஒழுங்கா வேலை செய்யிறன். நீ ஒரு பந்தை எறிஞ்சு சாவி வாங்கிட்டாய்!" என்றார்.

மார்கழியில் மகள் பிறந்தாள். அணி அப்போது போய்விட்டிருந்தது. ரெஜான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தாதி பிள்ளையை என் கையில் தந்ததும் அவர் பாய்ந்து வந்து, கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"இதை வைத்திரு," என்றார். "எறிந்துவிடாதே."

மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் ஏதும் ஏசினால் உடனே சொல்வாள்: "அப்பா, என்னை வச்சிருக்கச் சொல்லி உங்கட மேலதிகாரியே சொன்னவர். சத்தம் போடாதேங்கோ."