தாண்டல் மாஸ்டர் ஓடிய ஓட்டம்

உங்கள் குழந்தை எதில் மற்றவர்களை மிஞ்சுகிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், ஒரு தாய் என்ன எழுத வேண்டும்? இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் எனக்கு விடை தெரியவில்லை.

பெங்களூர் தண்டு என்கிற கன்டோன்மென்ட் முழுவதிலும் இந்தக் கேள்விக்குப் பயப்படாத ஒரே மனிதர் தாண்டல் மாஸ்டர்தான். தபாலாபீஸுக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் மேஜை போட்டு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். மிஞ்சுவது, தாண்டுவது பற்றிய இங்கிலீஷ் வார்த்தைகள் என்றால் அவருக்கு உயிர். அவற்றின் பூர்விகத்தைச் சொல்லாமல் எழுதமாட்டார். வார்த்தை சொல்கிறபடி ஆள் செய்து காட்டாவிட்டாலும் எழுதமாட்டார்.

ஒரு பட்லர் தன் சிபாரிசுக் கடிதத்தில் ‘ஸர்பாஸ்’ வேண்டும் என்றாராம். அது பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தது, ஒருவரைக் கடந்து அப்பால் போவது என்று மாஸ்டர் விளக்கி, வேறு மூன்று பட்லர்களை வரவழைத்து நால்வரையும் தெருவில் நடக்கவிட்டார். நம்மவர் மூன்றாவதாக வந்தார். ‘இவர் ஒருவரைக் கடந்தார்’ என்று எழுதிக் கொடுத்தார் மாஸ்டர்.

லீவு முடிந்தும் நான்கு நாள் வராத ஒரு குமாஸ்தாவுக்காகவும் வாதாடினார். லீவை ‘எக்ஸீட்’ செய்தார் என்பது புகார். ‘எக்ஸீட்’ என்றால் லத்தீனில் வெளியே போவது. இவரோ காய்ச்சலில் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை என்று இரண்டு பக்கம். துரை ரசித்துப் படித்துவிட்டு, குமாஸ்தாவைச் சம்பளமில்லாமல் ஒரு வாரம் வெளியே அனுப்பினார்.

மூத்தவள் மெர்சிக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு கான்வென்ட்டில் இடம் கேட்டிருந்தோம். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கேள்விக்கு இங்கிலீஷில் பதில் வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போய்விடும். நான் ஹைஸ்கூல் படித்தவள்தான். நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்தேன். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையாக இருந்த என் கணவர், அந்த ஆளிடம் மட்டும் போகாதே என்று கார்டு போட்டிருந்தார். வியாழக்கிழமை போனேன்.

“‘எக்ஸெல்’னு போட்டுடுங்க மாஸ்டர்.”

“அப்பிடி ஈஸியா போட முடியாதும்மா. அது உசரமா எழும்பி நிக்கிறது. பாப்பா எதுல எழும்புது?”

இருபது வரை எண்ணுவாள் என்றேன். பதின்மூன்றை விட்டுவிடுவாள் என்பதைச் சொல்லவில்லை. மெர்சி எண்ணி முடித்தாள். மாஸ்டர் இன்னும் பதின்மூன்றுக்காகக் காத்திருந்தார்.

“சரி, அது வாணாம். ‘அவுட்ஸ்ட்ரிப்’ பாப்போம். பழங்கால இங்கிலீஷ்ல வேகமா ஓடுறதும்மா.”

“யார்கூட ஓடணும்?”

“என்கூடத்தான்.”

கோட்டும் தலைப்பாகையுமாக அறுபது வயது மனிதர், என் ஐந்து வயது மகளோடு தபால் பெட்டியிலிருந்து ஜட்கா ஸ்டாண்டு வரை ஓடினார். ஜட்காக்காரர்கள் குதிரைகளை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பாதி வழியில் மெர்சி முந்தினாள். என் நெஞ்சு நிமிர்ந்தது. அப்போது பார்த்து மாஸ்டரின் தலைப்பாகை கழன்று விழுந்தது. மெர்சி நின்றாள், திரும்பி வந்தாள், அதை எடுத்துத் தூசு தட்டினாள். மாஸ்டர் நிற்காமல் ஓடி ஜெயித்துவிட்டார்.

மூச்சு வாங்க உட்கார்ந்து எழுதினார்: ‘இக்குழந்தை யாரையும் மிஞ்சவில்லை. ஓட்டத்தில் முன்னால் இருந்தும், பின்னால் விழுந்ததை எடுக்கத் திரும்பி வந்தது.’

“இதக் குடுத்தா யாரு சேத்துப்பாங்க?” எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நான் பொய் எழுதினா வார்த்தைக்குத்தாம்மா கெட்ட பேரு.”

மறுநாள் கான்வென்ட்டில் ஒரு கையில் அவர் கடிதம், மறு கையில் நான் எழுதிய ஐந்தாவது கடிதம். என் கடிதத்தில் மெர்சி எல்லாவற்றிலும் எல்லோரையும் மிஞ்சியிருந்தாள். எண்ணச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அவருடையதையே நீட்டினேன். மதர் இரண்டு முறை படித்து, ஜெயித்தது யார் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மேஜைக்கடியில் குனிந்து எதையோ தேடினார், தோள்கள் குலுங்கின. இடம் கிடைத்தது.

இப்போது சின்னவன் சாமுவேலின் முறை. அதே கேள்வி, இந்தத் தடவை ஒரு மாத அவகாசம். போன மழைக்காலத்தில் மாஸ்டர் காலமாகிவிட்டார். நேற்று பையனை அதே தூரம் ஓடவிட்டேன். நன்றாகத்தான் ஓடினான். ஆனால் பின்னால் தலைப்பாகை விழ ஆள் இல்லையே, அவன் திரும்பி வருவானா மாட்டானா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்களேன்.