சங்கத்துக்கு ஒரு கல்யாணம்

"இப்படியே விட்டா ஒவ்வொருத்தரா நம்ம எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவானுங்க. அதனாலதான் சொல்றேன், நமக்குன்னு ஒரு சங்..."

பெக்ஹாவின் பார்வை சட்டென்று ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் பக்கம் போனது. கையில் சாப்பாட்டுத் தட்டோடு குவோக் சார் நேராக அவர்கள் மேஜைக்கு வந்துகொண்டிருந்தார்.

"...கு சூப்பு இன்னிக்குப் பிரமாதம்!" என்று முடித்தாள்.

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கிண்ணத்தைத் தூக்கி உறிஞ்சினார்கள். கிண்ணத்தில் இருந்தது பூசணிக்காய் சூப்பு.

குவோக் சார் உட்கார்ந்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். "ஆமா, சூப்பு நல்லாத்தான் இருக்கு," என்றார். அதன் பிறகு சாப்பாட்டு நேரம் முடியும்வரை அங்கே வானிலையைத் தவிர வேறு பேச்சே எழவில்லை.

"தங்கக் கெண்டை" சூதாட்ட மாளிகையில் பெக்ஹா இருபது வருடமாகச் சீட்டுப் போடுகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நாளெல்லாம் பல்லைக் காட்டிட்டு வீட்டுக்கு வர்றேன். அங்கேயும் ஒருத்தனுக்குப் பல்லைக் காட்டணுமா?" என்பாள்.

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. தோற்றவன் சீட்டைக் கசக்கி அவள் முகத்தில் எறிவான். அவள் அம்மாவை இழுத்துத் திட்டுவான். சிகரெட் புகையை நேரே மூக்கில் ஊதுவான். "நன்றி ஐயா, அதிர்ஷ்டம் உங்க பக்கம் வரட்டும்," என்று அவள் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் தலைக்கு மேலே காமிரா பார்க்கும், காமிரா பார்த்தால் குவோக் சார் வருவார். மேஜைகளை மேய்ப்பதுதான் அவர் உத்தியோகம்.

இருபது வருடம் விழுங்கிய கோபம் ஆ-ஃபோங் விஷயத்தில் தொண்டைக்கு வந்துவிட்டது. ஆ-ஃபோங் பக்கத்து மேஜைக்காரி. பெரும்புள்ளிகள் ஆடும் அறையில், புகை மண்டலத்துக்கு நடுவே, நின்ற நிலையிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளிடம், அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். "உங்கள் உடல்நலத்தில் நிர்வாகம் மிகுந்த அக்கறை கொண்டுள்ளது," என்று கையில் ஒரு பெட்டி நிலா கேக் வேறு. கேக் போன வருடத்துப் பண்டிகைக்கு வாங்கி மிஞ்சியது.

அன்று இரவு பெக்ஹாவுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். ஆள் சேர்வது சுலபமாக இருந்தது. கூடுவதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தைத் தொய்சான் பேட்டையில் ஒரு கஞ்சிக் கடையில் வைத்தார்கள். கஞ்சி வந்தது, பின்னாலேயே குவோக் சார் வந்தார்.

"அட, எல்லாரும் இங்கதானா! என்னை மட்டும் யாரும் கூப்பிடல பாத்தீங்களா?" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குத்திக் காட்டறதப் பாத்தியா," என்று பெக்ஹாவின் காதில் பல்லைக் கடித்தாள் சன்யீ. அவள் சூதாட்டச் சக்கரம் சுழலும் மேஜையில் வேலை செய்பவள். நாக்கில் மிளகாய் அரைப்பவள்.

அதற்கடுத்து பூங்காவில் கூடினார்கள். பேச்சு சூடு பிடிக்கும்போது ஆலமரத்தடியில், ஆபீஸ் ஷூவோடு, ஒரு மனிதர் தாய்ச்சி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். கைகள் ஒரு பக்கம் மிதந்தன, காதுகள் இந்தப் பக்கம் நீண்டிருந்தன. பார்த்தால் குவோக் சார்.

"மனுஷனா இல்ல மூட்டைப்பூச்சியா இவன்? எங்க போய் உக்காந்தாலும் வந்துடறானே!" என்று பெக்ஹா கொதித்தாள். கூட்டம் அத்தோடு கலைந்தது.

சன்யீக்குத்தான் யோசனை உதித்தது.

"அக்கா, நூறு பேரு கூடணும். யாரும் ஏன்னு கேக்கக் கூடாது. அதுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு சாவு, இல்ல கல்யாணம்."

"குவோக்கோட சாவுன்னா செலவு என்னோடது," என்றாள் பெக்ஹா.

"கல்யாண விருந்துன்னு ஹோட்டல்ல ஹாலைப் பிடிப்போம். கதவைச் சாத்திட்டு, சாப்பிட்டுக்கிட்டே பேசி, சங்கத்தை ஆரம்பிச்சிடுவோம். மத்தவங்க எல்லாம் ஏற்கெனவே மாட்டிக்கிட்டவங்க. நீதான் பொண்ணு."

"மாப்பிள்ளை?"

எல்லோரும் மூலையில் இருந்த கின்ஃபாயைப் பார்த்தார்கள். சீட்டுக் கலைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். ஐம்பதை நெருங்குகிறார். இயந்திரங்களோடு தவிர யாரோடும் அதிகம் பேசாதவர்.

அவர் யோசித்துவிட்டு, "நான் முடி வெட்டிக்கணுமா?" என்று கேட்டார்.

"நடிக்கத்தான்யா கூப்பிடறோம், நாடு கடத்த இல்ல!" என்று பெக்ஹா எரிந்து விழுந்தாள். மறுநாள் அவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

சேதி பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை. குவோக் சார் அவள் மேஜையருகே வந்து நின்றார்.

"கல்யாணமாமே, பெக்ஹா. எல்லாருக்கும் சொல்லியிருக்கே. எனக்கு மட்டும் சொல்லல."

"சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் சார்."

"பன்னெண்டு வருஷமா ஒரே கூடத்துல நிக்கிறோம். நான் சொந்தமில்லையா?" அவர் குரல் கம்மியது, கண்ணில்கூட ஏதோ மினுங்கியது. என்னமா நடிக்கிறான் என்று பெக்ஹாவுக்கு வயிறு எரிந்தது. மறுத்தால் சந்தேகம் வரும். "சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க சார்," என்று இருபது வருடப் பழக்கத்தில் சிரித்தாள்.

"வரட்டும் அக்கா. இறாலைப் போட்டு வாயை அடச்சிடலாம். வாயில இறால் இருந்தா காது கேக்காது," என்று சன்யீ தேற்றினாள்.

அதோடு போயிருந்தால் சமாளித்திருக்கலாம். கின்ஃபாயின் மேஸ்திரி அவரிடம், "ஏம்ப்பா, கல்யாணத்தன்னிக்குக்கூடவா வேலைக்கு வருவே?" என்று கேட்டுவிட்டார். கின்ஃபாய் பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் கல்யாண லீவு கேட்டுவிட்டார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? ஜுரம்னு சொல்ல வேண்டியதுதானே!" என்று பெக்ஹா பாய்ந்தாள்.

"ஜுரம்னா ஒப்பந்தம் போயிடுமே," என்றார் கின்ஃபாய். அதைக் கேட்டதும் பெக்ஹாவின் கோபம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

லீவு விவரம் மேலே போயிற்று. மேலே இருந்தவர் பணியாளர் பிரிவின் தலைவி மேடம் லூ. ஆ-ஃபோங்கிடம் நிலா கேக்கை நீட்டிய அதே கை, இப்போது பெக்ஹாவின் கையைப் பிடித்துக் குலுக்கியது.

"நம்ம நிர்வாகம் ஒரு குடும்பம் பெக்ஹா. உங்க கல்யாணத்துக்கு நானே வர்றேன். போட்டோக்காரரையும் அழைச்சிட்டு வர்றேன். நம்ம மாளிகைப் பத்திரிகையில போடலாம்."

இதெல்லாம் போதாதென்று, எல்லைக்கு அந்தப் பக்கம் சூஹாயில் இருக்கும் அவள் அண்ணனுக்கும் எவனோ சொல்லித் தொலைத்திருந்தான். அண்ணன் போனிலேயே அழுதார். "உனக்கு ஒரு வழி பிறக்காதான்னு நான் கும்பிடாத கோயில் இல்லம்மா!" என்றார். உண்மையைச் சொல்லலாமா என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். அண்ணன் வாய் அடைக்காத வாய். அவரிடம் சொல்வதும் ஊர்வலம் போவதும் ஒன்று.

கல்யாண நாள் வந்தது. இரவு விருந்து கட்டுப்படியாகாது என்று பகல் விருந்தாகவே வைத்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த சிவப்பு உடை பெக்ஹாவை மூச்சுவிட விடவில்லை. புதுக் கோட்டில் கின்ஃபாய் புது இயந்திரம் போல நின்றார். அண்ணன் முழுசாக வறுத்த ஒரு பன்றியை நாலு பேர் தூக்க ஹாலுக்குள் கொண்டுவந்து, "என் தங்கச்சிக்கு!" என்று முழங்கினார். முன்மேஜையில் மேடம் லூ. பக்கத்தில் குவோக் சாரும் அவர் மனைவியும். அந்த அம்மாள் வந்ததிலிருந்து யாரிடமும் பேசாமல் இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். சாத்த நினைத்த கதவுகளைப் போட்டோக்காரர் வெளிச்சம் வேண்டுமென்று அகலத் திறந்து வைத்திருந்தார்.

"இனி எங்கேந்து கூட்டம் நடத்தறது?" என்று பெக்ஹா சன்யீயிடம் சீறினாள்.

"நீதானே பொண்ணு? மைக்கைப் பிடி. எங்களுக்குப் புரியும்."

பெக்ஹா மைக்கைப் பிடித்தாள்.

"எனக்குப் புருஷனா வர்றவருக்குச் சிலது சொல்லணும். வருஷத்துக்கு ஒரு தடவ, 'இவளை வச்சுக்கலாமா, துரத்தலாமா'ன்னு யோசிக்கிறவன் எனக்கு வேணாம்!"

ஹாலே கைதட்டியது.

"நான் படுத்துட்டா வைத்தியம் பாக்கணும். பழைய கேக்கைக் கொடுத்து வாசலைக் காட்டக் கூடாது! என் மூஞ்சில புகைய ஊதறவனை வெளிய அனுப்பணும், என்னை இல்ல! ஒண்ணுக்குப் போறதுக்கு நான் யார்கிட்டயும் கை கட்டி நிக்க மாட்டேன்!"

மேஜைகள் அதிர்ந்தன. சாப்ஸ்டிக்கால் கிண்ணத்தைத் தட்டினார்கள். கின்ஃபாய் வெலவெலத்து எழுந்து, "சரி. எல்லாத்துக்கும் சரி," என்றார். மேடம் லூ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு உரிமையோட கேக்கறா பாருங்க!" என்றார்.

பிறகு அவரே மைக்கை வாங்கினார். வாழ்த்தினார். நிர்வாகத்தின் பரிசு என்று ஒரு மின்சாரச் சோற்றுப் பானையைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள்.

"இன்னொரு சின்ன விஷயம்," என்று மேடம் லூ இனிமையாகச் சிரித்தார். "நம்ம விதிப்படி புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் இங்கே வேலை செய்ய முடியாது. யாராவது ஒருத்தர் நின்னுக்கணும். அவசரமே இல்ல. ரெண்டு பேரும் ஆசையாப் பேசி, மாசக் கடைசிக்குள்ள சொன்னாப் போதும்."

கின்ஃபாயின் முகம் வெளுத்தது. "நான் நின்னுக்கறேன் பெக்ஹா," என்று மெல்லச் சொன்னார். பொய்க் கல்யாணத்துக்காக நிஜ வேலையை விடத் தயாராக நின்ற அந்த மனிதரைப் பார்த்ததும், பெக்ஹாவுக்குள் இருபது வருடமாக மூடி வைத்திருந்தது வெடித்தது. சோற்றுப் பானையைத் தூக்கி மேஜைமேல் டமாரென்று வைத்தாள்.

"கல்யாணத்துக்குப் பரிசும் நீங்களே கொடுப்பீங்க, சோத்துலயும் நீங்களே மண்ணைப் போடுவீங்களா? விழுந்தா வேலை இல்ல! காய்ச்சல்னா வேலை இல்ல! கல்யாணம்னாலும் வேலை இல்லையா? நாங்க செத்தா மட்டும்தான் உங்க விதிக்குச் சரிப்படுமா?"

"பெக்ஹா, இன்னிக்கு நல்ல நாள்..."

"நல்ல நாளும் இல்ல, கல்யாணமும் இல்ல! இவரு என் புருஷனே இல்ல! இது சங்கக் கூட்டம்! தங்கக் கெண்டைத் தொழிலாளர் சங்கத்தோட முதல் கூட்டம்! போட்டோ எடுத்தீங்கல்ல? போடுங்க பத்திரிகையில!"

"கல்யாணம் இல்லையா? அப்ப நான் வாங்கின பன்னி?" என்றார் அண்ணன்.

"சங்கத்துல சேர்றவங்க எந்திரிங்க!" என்று பெக்ஹா கத்தினாள்.

நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் இடி மாதிரி கேட்டது. முதலில் சன்யீ எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஆ-ஃபோங். அப்புறம் மேஜை மேஜையாக, வாயில் சோறும் கையில் கிண்ணமுமாக, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அண்ணனும் எதற்கென்று தெரியாமலே எழுந்தார். கின்ஃபாய் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

மேடம் லூவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "மிஸ்டர் குவோக்! நிக்கிற ஒவ்வொருத்தர் பேரையும் எழுதுங்க. இப்பவே!"

குவோக் சார் மெதுவாக எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பெக்ஹா அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார்.

அவர் மனைவி உரித்துக்கொண்டிருந்த இறாலைத் தட்டில் எறிந்தாள்.

"முதல்ல உங்க பேரை எழுதிக் கொடுங்க! 'எனக்கும் வருஷா வருஷம் ஒப்பந்தம்தான், என்னையும் சேத்துக்குங்க'ன்னு கேக்கத்தானே இத்தனை நாளா கஞ்சிக் கடை, பூங்கான்னு இவங்க பின்னாடியே நாய் மாதிரி அலஞ்சீங்க? இப்பவாவது வாயைத் திறந்து கேட்டுத் தொலைங்க!"