மந்திரி போட்ட மாலை

புதுக்கோட்டைச் சீமையில் இழவு வீட்டில் அழுதவர்களைக் கையமர்த்தி, "சோகம் பத்தல, மொதல்லேர்ந்து அழுவுங்க" என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் டைரக்டர்தான். அடிக்க வராமல், அவர்களும் மறுபடி அழுதார்கள். இந்தத் தடவை எனக்கே கண் கலங்கிவிட்டது.

டைரக்டர் நரிக்குறவர். பகலில் இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்பார். பொழுது சாய்ந்தால் நாடகம். முன்பு ஒரு நாடக செட்டில் குறவன் வேஷம் கேட்டுப் போனாராம். "ஒனக்குக் குறவன் களையே இல்லப்பா" என்றார்களாம்.

"இருங்க, எங்க ஆத்தாகிட்டக் கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பியவர், தன் சனத்தை வைத்தே சொந்த செட்டுக் கட்டினார். ராஜா வேஷம் அவருக்கு.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கும் அவரைத்தான் பேசினோம். ராஜா வேஷக்காரருக்கு ஊர்த்தலைவர் கையால் கோயில் மாலை போடுவது வழக்கம். தலைவர் முறுக்கிக்கொண்டார்.

"நாடகம் போடட்டும். மாலையெல்லாம் வேணாம்."

மாலை இல்லாத ராஜாவை எந்த ஊரும் மதிக்காது. இங்கே இல்லையென்றால் அடுத்த ஊரிலும் இல்லை. டைரக்டர் சண்டைக்குப் போகவில்லை. ஒற்றைக் கண்ணை மூடித் தலைவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலைவரே, ஒங்களுது மந்திரி ஒடம்புங்க. நடிக்கிறீங்களா?"

கல்யாண போட்டோவிலேயே சிரிக்காத மனுஷர் வெட்கப்பட்டார். மறுநாளே மீசைக்கு மை வாங்கினார்.

நாடகத்தில் பட்டாபிஷேகம் வந்தது. ராஜாவுக்கு மந்திரி மாலை போட வேண்டும். ஒத்திகையில் துண்டைத்தான் போட்டிருந்தார். மேடையில் தட்டில் வந்ததோ கோயில் மாலை! தட்டு ஏந்தி வந்த சேவகன் கோயில் பூசாரி. டைரக்டர் அவருக்கும் ஒரு வேஷம் கொடுத்திருந்தார்.

தலைவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். எதிரே ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. எட்ட நின்று மாலையை வீசினார். டைரக்டர் அதைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார்.

"வைக்கோலை மாட்டுக்குத்தாங்க இப்புடி வீசுவாக. கிட்ட வாங்க. மறுபடி."

"கிட்டப் போங்க தலைவரே!" என்று கூட்டம் கத்தியது.

தலைவர் நெருங்கி வந்து, நிதானமாகப் போட்டு, நெஞ்சில் பூவை நீவியும் விட்டார். விசில் அடங்க வெகுநேரமாயிற்று.

நாடகம் முடிந்ததும் தலைவர் வேஷம் கலைக்காமல் ஓடிவந்தார். "டைரக்டரே, கடைசியாப் போட்டது சரியா வந்துச்சா?"

"பரவால்லங்க. அடுத்த வருசம் இன்னும் நல்லா வரும்."

கோயிலுக்குப் பூக்கட்டுகிற நான்தான் அடுத்த வருச மாலையைத் தொடுக்கப்போகிறேன். "சம்பங்கி வைக்கட்டுமா?" என்று டைரக்டரிடம் கேட்டேன். மேடை வெளிச்சத்துக்கு ரோஜாதான் எடுக்கும் என்கிறார். இரண்டையும் வைத்தே கட்டுவேன். அந்தக் கழுத்துக்கு எந்தப் பூவும் எடுக்கும்.